எங்கள் பிளாக்கின் ஐம்பத்தெட்டாவது பிரிவு

எனக்கு இருபத்து நான்கு வயது நடந்தபோது ஒரு பதவியின் மேல் ஆசை வந்தது. மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டி நிற்கும் எங்கள் குடியிருப்பின் 'இ' பிளாக்குக்கு நான் தலைவியாக வேண்டும். முப்பத்திரண்டு வீடுகள், ஒரு மோட்டார் அறை, மொட்டை மாடியில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய். இவ்வளவுதான் என் தேசம். ஆசைப்பட்டதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அம்மாவும் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், என்னைக் கொண்டுபோய் விடுவதற்கு. அப்பாவும் போயிருக்கிறார், சுவருக்கு வெள்ளையடிக்க.

அப்போது பிளாக்குக்கு ஒரு தலைவர் இருந்தார். ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவர். அவர் மனைவிகூட அவரைத் 'தலீவரே' என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடமாகத் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. குடிவந்த முதல் நாள் எல்லோருக்கும் வீட்டுச் சாவி கொடுத்த பிறகு மோட்டார் அறைச் சாவி மட்டும் மிஞ்சியதாம். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர். சாவி அவர் கைக்குப் போனது, பதவியும் கூடவே போனது.

அந்தப் பதவிக்கு ஒரு சம்பளமும் உண்டு. தண்ணீர் லாரி வரும் காலையில் முப்பத்திரண்டு வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கும். தலைவர் வீட்டுப் பச்சைக் குடங்கள் இரண்டு மட்டும் வரிசையில் நிற்காது. நேராகக் குழாயடிக்குப் போகும். சண்டைக்கு அஞ்சாத எங்கள் பெண்களில் ஒருத்திகூட அந்தக் குடங்களைத் தள்ளி வைத்ததில்லை. அது தலைவர் குடம்.

போன வருடம் அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒவ்வொரு பிளாக்கும் ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டால் பராமரிப்பு வேலைக்குப் பணம் ஒதுக்குவார்களாம். ஆனால் விதிமுறைகள் எழுத்தில் இருக்க வேண்டும். யார் தலைவராகலாம், எத்தனை காலம் இருக்கலாம், அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. நீயே எழுதிடு. நான் கையெழுத்து போட்டுடறேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தி. நகரில் ஒரு புடவைக்கடையின் பில் போடும் இடத்தில் எனக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிப்பேன். இந்திய அரசியலமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் குடியரசுத் தலைவர். ஐம்பத்தாறாவது பிரிவு பதவிக்காலம், ஐம்பத்தேழு மறுபடி போட்டியிடுவது, ஐம்பத்தெட்டு தகுதி, ஐம்பத்தொன்பது சம்பளமும் வீடும். தேனாம்பேட்டை நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எனக்குக் கால் வலி தெரியாது. அந்த அதிகாரி கேட்ட மூன்று கேள்விக்கும் இந்தப் பாடத்தில் வரிசையாகப் பதில் இருந்தது. ஒரு நாட்டுக்குப் போதுமானது ஒரு பிளாக்குக்குப் போதாதா?

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் இரண்டு வீடு, கோபாலபுரத்தில் ஒரு வீடு என்று மூன்று வீட்டு வேலை முடித்து வந்திருந்தாள்.

நான் எழுதிய முதல் வரி இது: 'தலைவர் பட்டதாரியாக இருத்தல் வேண்டும்.' பிளாக்கில் எத்தனை பட்டதாரிகள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்று. தெரிந்தேதான் எழுதினேன்.

"இன்னாடி எழுதிக்கினு கீற? வாயிவுட்டுப் படி" என்றாள் அம்மா.

படித்தேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. "நாட்டுக்குத் தலைவரு கீறாரே, அவுருக்கு எத்தினி கிளாஸ் படிச்சிருக்கணும்?"

"அதுல படிப்பப் பத்தி ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லன்னா? அஞ்சாங் கிளாஸ்?"

"அதுகூட இல்ல. இந்தியாக் குடிமகனா இருக்கணும். முப்பத்தஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். மக்களவைக்கு எம்.பி.யா நிக்கறதுக்கு என்ன தகுதி வேணுமோ அது இருக்கணும். அரசாங்கத்துல ஆதாயம் தர்ற பதவி எதுலயும் இருக்கக்கூடாது. அவ்ளோதான்."

கத்தி நின்றது. "அப்ப நான் நிக்கலாமா?"

நான் அவளைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. மூன்று வீட்டில் பாத்திரம் துலக்குவது அரசாங்கத்தில் ஆதாயம் தரும் பதவி ஆகாது. பாடத்தில் ஒவ்வொரு வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.

"நிக்கலாம்மா. ஆனா எம்.பி., எம்.எல்.ஏ.ங்க அம்பது பேரு முன்மொழியணும், இன்னும் அம்பது பேரு வழிமொழியணும்."

"எனுக்குத் தெரிஞ்ச எம்.எல்.ஏ. ஒருத்தர்தான். அதுவும் போஸ்டர்ல" என்றாள். பிறகு சந்தேகம் வந்து, "சம்பளம் இன்னா?" என்று கேட்டாள்.

"மாசம் அஞ்சு லட்சம். வாடகை இல்லாம வீடு. முந்நூத்தி நாப்பது ரூம்."

"முந்நூத்தி நாப்பதா!" அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "யாருடி அத்தப் பெருக்கறது? நான் பெருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரித்தாள். நறுக்கிய கொத்தவரங்காய் மடியிலிருந்து தரையெல்லாம் சிதறும்வரை சிரித்தாள். என்ன நடக்கிறது என்று அப்பா எட்டிப் பார்த்தார். "உன் பொண்டாட்டி டெல்லிக்குப் போறா, துணிய மடிச்சி வை" என்றாள் அவரிடம்.

நானும் சிரித்தேன். ஆனால் அவள் அடுப்படிக்குப் போன பிறகு அந்த முதல் வரியைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாட்டில் முதல் ஆளாக நிற்க என் அம்மாவை அனுமதிக்கிறார்கள். 'இ' பிளாக்கில் நிற்கக்கூடாது என்று தடுப்பது அவள் பெற்ற பெண். அந்த வரியை அடித்தேன். அடித்தது தெரியாமலிருக்க வேறு தாளில் முதலிலிருந்து சுத்தமாக எழுதினேன். படிப்பு என்ற தகுதி இல்லாமலே பிளாக் என்னைத்தான் தேர்ந்தெடுக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் அறைக்கு முன்னால் கூட்டம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் மாடிப்படியில் அடுக்கடுக்காக உட்கார்ந்தார்கள். அதிகாரி ஓரமாக உட்கார்ந்து, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, நான் பார்க்கத்தான் வந்தேன்" என்றார். நான் எழுந்து வாசித்தேன்.

தகுதி பற்றிய பகுதியை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். பஸ்ஸில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வரிசை. 'குடிமகனாக' என்ற இடத்தில் 'பிளாக்கில் குடியிருப்பவராக' என்று மாற்றியிருந்தேன். மக்களவை என்ற இடத்தில் வாக்காளர் பட்டியல் என்று மாற்றியிருந்தேன். நான் வாசித்த அழகில் மயங்கியோ என்னவோ யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாக் கையும் மேலே போனது. நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது பதவிக்காலம். ஐந்து வருடம், ஒருவர் அதிகபட்சம் இரண்டு முறை.

"நாட்டுத் தலைவருக்கும் அப்டித்தானா?" என்றார் தலைவர்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்ல மாமா. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் மறுபடி நிக்கலாம். எத்தனை தடவைன்னு அரசியலமைப்புல கணக்கு இல்ல."

"அப்புறம் இன்னா? நாட்டுக்கே இல்லாத கணக்கு நமக்கு எதுக்கு?"

"ஆனா அங்க இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் ரெண்டாவது தடவை இருந்திருக்காரு. மத்தவங்க எல்லாம் ஒரு தடவையோட சரி. அமெரிக்காவுல ரெண்டு தடவைக்கு மேல தேர்ந்தெடுக்க முடியாதுன்னு சட்டமே இருக்கு. அங்க ஒரு தடவைங்கறது நாலு வருஷம்."

படிக்கட்டில் ஆப்பக்கடை அக்கா உட்கார்ந்திருந்தாள். தரைத்தள வீட்டு வாசலில் காலையில் ஆப்பம் சுட்டு விற்பவள். பிளாக்கில் அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. "தலீவரே, நீங்க மட்டும் அமெரிக்காவுல இருந்திருந்தா பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்க!"

அவள் அவ்வளவு வேகமாகக் கழித்துப் பார்த்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் சில்லறை புழங்கும் கை. கூட்டம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. தலைவரும் சிரித்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு, "எனுக்கும் முட்டி தேஞ்சி போச்சு. மாடியேற முடில. போட்டுக்கோ ரெண்டு தபான்னு" என்று முதல் கையை அவரே தூக்கினார்.

மூன்றாவது பகுதியில்தான் நான் மிகவும் பெருமைப்பட்டேன். அது என் சொந்த வரி. 'தலைவர் பதவி ஒரு சேவை. அதற்கு ஊதியமோ சலுகையோ எதுவும் கிடையாது.' வாசித்துவிட்டுக் கைதட்டலுக்காக நிமிர்ந்தேன். படிக்கட்டிலிருந்து ஒரு குரல்தான் வந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"இத்த நான் ஒத்துக்க மாட்டேன்."

"ம்மா, உக்காரு."

"இன்னாத்துக்கு உக்காரணும்? நாட்டுத் தலைவருக்கு மாசம் அஞ்சு லட்சம், வாடகை இல்லாத ஊடுன்னு நீதான சொன்ன? அவுரு சேவை செய்லியா? லாரி வர்லன்னா போன் போட்டு, மோட்டார் ரிப்பேருன்னா ஆள இஸ்துக்கினு வந்து, நாலு ஆபீசு ஏறி எறங்கற ஆளுக்கு ஒண்ணும் இல்லன்னா அந்த ஆளு வேலையும் ஒண்ணும் செய்யாது. கூலி குடுத்தாத்தான் ஏன் செய்லன்னு கேக்க முடியும்."

இருபத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவள் சொன்னாள். அரசியலமைப்பை எழுதியவர்கள் இதையேதான் நினைத்திருப்பார்களோ என்று தோன்றியது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வேலையை வேலை என்று ஒருவர் பொதுவில் சொன்னது அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

"அப்ப ரெண்டு கொடம் இருக்கட்டும்" என்றாள் ஆப்பக்கடை அக்கா.

"மூணாக்கிடலாமா?" என்றார் தலைவர், சந்தடி சாக்கில்.

"உங்க பதவியே போவப் போவுது, உங்களுக்கு இன்னாத்துக்கு மூணாங் கொடம்?"

என் சொந்த வரியை அடித்துவிட்டு, 'லாரி வரும் நாளில் தலைவர் வீட்டுக்கு முதல் இரண்டு குடம்' என்று எழுதினேன். ஐம்பத்தொன்பதாவது பிரிவை நினைத்து இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'பதவிக்காலத்தில் இதைக் குறைக்கக்கூடாது.' குடியரசுத் தலைவரின் சம்பளத்தையும் அவர் பதவியில் இருக்கும்வரை குறைக்க முடியாது. பிடிக்காத தலைவரைப் பட்டினி போட்டுப் பணிய வைத்துவிடக்கூடாது அல்லவா? இதை விளக்கியபோது பெண்கள் தலையாட்டினார்கள். தண்ணீரை நிறுத்தி ஒருவரைப் பணிய வைப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு தேர்தல். ஆப்பக்கடை அக்கா எழுந்தாள். "நம்ப பாப்பாவே இருக்கட்டும். நாலு எழுத்து படிச்ச பொண்ணு, நாயம் பேசற பொண்ணு."

படிக்கட்டு முழுவதும் கைகள் கிளம்பின. என் முகம் சூடாகிவிட்டது. அந்த நிமிடத்துக்காகத்தான் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன். எப்படி நன்றி சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

தலைவர் மேசை மேல் இருந்த தாளை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா, உனுக்கு வயசு இன்னா ஆவுது?"

"இருபத்தி நாலு மாமா."

"இங்க முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கணும்னு போட்டுகீதே?"

தாளை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. என் கையெழுத்தில், என் நீல மையில், எழுத்தாலும் எண்ணாலும் இரண்டு முறை இருந்தது. இந்தியாவை 'இ' பிளாக்காக மாற்றியவள், மக்களவையை வாக்காளர் பட்டியலாக மாற்றியவள், வயதை அப்படியே ஓட விட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்த வரிசையில் முப்பத்தைந்து என்பது மூச்சுப் போல வந்திருக்கிறது. வாசித்தபோதும் அப்படியே வாயிலிருந்து வந்திருக்கிறது. எல்லோரும் கையும் தூக்கியாகிவிட்டது.

முதலில் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு படிக்கட்டே சிரித்தது. "தன் தலைல தானே பூட்டு போட்டுக்கிச்சே பாப்பா!" என்றது ஒரு குரல். "அத்த வெட்டிட்டு இருவதுன்னு போடு கண்ணு, பேனா உன் கைலதான கீது" என்றது இன்னொன்று.

நான் வெட்டத்தான் போனேன். பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். முனை தாளில் படும்போது தலைவர் குனிந்து, அன்பாகத்தான், மெதுவாகச் சொன்னார்: "வெட்டிடு பாப்பா, ஒண்ணும் தப்பில்ல. நான் பத்தொம்போது வருஷமா இப்டித்தான் ஓட்டினேன்."

நியாயமாக எனக்கு அது தைரியம் தந்திருக்க வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. அவரை அனுப்புவதற்காக எழுதிய தாளில் அவர் வழியிலேயே நான் முதல் கோட்டைப் போட வேண்டுமா? பேனாவை மூடினேன்.

"கை தூக்கி நிறைவேத்தியாச்சு. ஒருத்திக்காக மாத்தக்கூடாது. வேற யாரையாவது சொல்லுங்க" என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது.

ஆப்பக்கடை அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளில் ஓங்கித் தட்டினாள். "அப்ப இவளப் போடு! கூலிக்கு அவ்ளோ நேரம் வாதாடினாளே, அவளே வேலய செய்யட்டும்."

"ஏய், நானா? சொம்மா இரு" என்றாள் அம்மா.

தலைவர் தலையைச் சொறிந்தார். "நல்ல பொம்பளதான். ஆனா ஆபீசுக்குப் போனா லெட்டரு, ஃபாரமுன்னு குடுப்பானே. எழுதப் படிக்கத் தெரியாம..."

அந்தப் பேச்சை அவர் முடிக்கவில்லை. அதுவரை வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை.

"இன்னா நைனா சொல்ற? இந்த நாட்டுக்கே தலைவரா நிக்கறதுக்கு எனுக்கு ரைட்டு கீது. என் பொண்ணு பொஸ்தகத்தப் பாத்துச் சொன்னா. டெல்லில கேக்காத படிப்ப நீ மோட்டார் ரூம் வாசல்ல நின்னுக்கினு கேக்கற?" பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "படிக்கறதுக்குத்தான் இவ கீறாளே. நான் பேசுவேன். இவ எழுதுவா."

"அப்ப நிக்கறியா, இல்லியா?" என்றாள் ஆப்பக்கடை அக்கா.

"நிக்கறேன்!"

கைகளை எண்ணியது நான்தான். நாற்காலிகளிலிருந்து சில, படிக்கட்டிலிருந்து ஏறக்குறைய எல்லாம். அப்பா இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னேன். தலைவர் கையும் மேலே போனது. கடைசியாகத் தூக்கிய கை என்னுடையது. கொஞ்சம் தாமதமாகத்தான் தூக்கினேன். தூக்கிய பிறகு எனக்கே தெரியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி பெயரைக் குறித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். நான் அதற்குள் மனக்கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அம்மா இரண்டு முறை இருந்தால் பத்து வருடம். அப்போது எனக்கு முப்பத்து நான்கு. அப்போதும் ஒரு வருடம் குறைகிறது. அதைச் சொன்னதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தலைவர் இடுப்பிலிருந்து மோட்டார் அறைச் சாவியை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். கூட்டம் கலையக் காத்திருக்கவில்லை. "மேல வாடி, நோட்ட எட்துக்கினு வா" என்று படியேறினாள். மொட்டை மாடித் தொட்டி ஒன்றுக்கு மழைக்காலத்திலிருந்து மூடி இல்லை. காற்றில் பறந்து கால்வாய்க்குப் போய்விட்டது. இத்தனை நாளாக ஒரு பழைய விளம்பரத் தட்டியைப் போட்டுச் செங்கல் வைத்திருந்தார்கள். அம்மா தட்டியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"எழுது. மொத வேல, மூடி. ரெண்டாவது, ரெண்டு டேங்கையும் கழுவறது. ஊட்டுக்கு ஒரு ஆளு வரணும், ஆம்பளைங்களும்தான். ஆம்பளைங்களும்தான்னு கோடு போட்டு எழுது."

கோடு போட்டு எழுதினேன். எங்கள் சங்கத்தின் நோட்டில் முதல் பக்கம் அது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவள் கீழே எட்டிப் பார்த்தாள். ஆண்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவள் கத்தினாள்:

"தலீவரே! டேங்க் மூடி எங்க வாங்கறது?"

கீழே எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவரும் நிமிர்ந்தார், கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு.

"இன்னாம்மே என்னக் கேக்கற?" என்று கத்தினார். "நீதாம்மே தலீவரு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். சிரிப்பில் அவள் உடம்பு குலுங்கியது. நோட்டைப் பிடித்திருந்த என் கையும் சேர்ந்து குலுங்கியதால் அடுத்த வரியை எழுதச் சற்று நேரம் பிடித்தது.